கொலை, காதல், வளரும் பருவம் மூன்றும் ஒரே நாவலில்: ஏமாறுவது யார்?

வேலவன்

சமீப ஆண்டுகளில் அதிகம் பேசப்பட்ட நாவல்களை வரிசையாகப் படித்து வருகிறேன். ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரே அட்டைக்குள் இப்போது மூன்றும் வேண்டும் என்கிறார்கள். முதல் அத்தியாயத்தில் ஒரு பிணம், நடுவில் ஒரு காதல், அடியோட்டமாக ஒரு சிறுமியோ சிறுவனோ வளர்ந்து ஆளாகும் கதை. கலப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கலந்த பிறகு ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடுகிறது என்பதுதான் என் புகார்.

2018இல் வந்த டெலியா ஓவன்ஸின் 'வேர் த கிராடாட்ஸ் சிங்' நாவலை எடுத்துக்கொள்வோம். (முடிவைச் சொல்லப் போகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளவும்.) கையாவுக்கு ஆறு வயதாகும்போது, 1952இல், அம்மா வீட்டைவிட்டுப் போகிறாள். பிறகு உடன்பிறந்தவர்கள், கடைசியில் அப்பா. சதுப்பு நிலத்தில் தனியாக வளர்கிறாள். டேட் என்ற பையன் எழுத்துச் சொல்லித்தருகிறான், படிக்கப் போய்விடுகிறான், சொன்னபடி திரும்பி வருவதில்லை. அப்புறம் சேஸ் வருகிறான், கல்யாண ஆசை காட்டி ஏமாற்றுகிறான். 1969இல் கண்காணிப்புக் கோபுரத்தின் அடியில் சேஸின் உடல் கிடக்கிறது. வழக்கு நடக்கிறது. கையா விடுதலையாகிறாள். அவள் இறந்த பிறகு, தரைப்பலகைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தவற்றைப் பார்த்த பிறகுதான் கொன்றது அவள்தான் என்று தெரிகிறது.

ஆறு வயதிலிருந்து அவள் மனதுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம். பசி தெரியும், பயம் தெரியும், முதல் முத்தத்தின் தடுமாற்றம் தெரியும். கொலை நடந்த இரவு மட்டும் நமக்குக் கிடையாது. அவள் வாழ்நாளிலேயே பெரிய முடிவை எடுக்கும் நேரத்தில் ஆசிரியர் கதவைச் சாத்திவிடுகிறார். காரணம், நீதிமன்றக் காட்சியில் விறுவிறுப்பு வேண்டும். ஒருத்தி எப்படி இன்னொருத்தியாக மாறினாள் என்று காட்டுவதுதான் வளரும் பருவத்துக் கதையின் வேலை. அந்த மாற்றத்தையே மறைத்துவிட்டு என்ன வளர்ச்சியைக் காட்டினீர்கள்?

ஆதிரை

வேலவன், கதவு சாத்தியிருந்தது உண்மை. ஜன்னல் திறந்திருந்ததே, பார்க்கவில்லையா?

மின்மினிப் பூச்சிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் மின்மினி தன் இனத்து ஆணைக் கூப்பிட ஒரு விதமாக மின்னுகிறது. இணை சேர்ந்து முடிந்ததும் மின்னும் முறையை மாற்றுகிறது. வேறு இனத்து ஆண் ஏமாந்து வருகிறது. அதைப் பிடித்துத் தின்கிறது. கையா இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அருவருப்பு இல்லை, கண்டனம் இல்லை. இன்னோர் இடத்தில் கும்பிடுபூச்சி தன் இணையைத் தின்பதையும் அதே மாதிரிதான் பார்க்கிறாள். மனிதர்கள் சொல்லித்தராத பாடங்களை இவளுக்குச் சொல்லித்தந்தது அந்தச் சதுப்பு நிலம். ஆபத்து வந்தால் என்ன செய்யவேண்டும் என்பதும் அதில் அடக்கம். அவள் எப்படி அந்த முடிவுக்கு வந்தாள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கடைசியில் டேட் கண்டெடுக்கும் கவிதையும் மின்மினியைப் பற்றியதுதான். ஆசிரியர் துப்பை நம் கண்முன்னே வைத்துவிட்டுத்தான் போகிறார். நாம் அதை இயற்கை வர்ணனை என்று நினைத்துத் தாண்டிவிட்டோம்.

மறைத்தது விறுவிறுப்புக்காக மட்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கையா யாரிடமும் எதையும் சொல்லாதவள். அப்பாவிடம் சொல்லவில்லை, டேட்டிடம் சொல்லவில்லை. நம்மிடம் மட்டும் ஏன் சொல்லவேண்டும்?

கடைசிப்பக்கம்

நான் காதல் கதை கட்சி. எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன், பெயர்க் காரணம் அதுதான். அதனால் எனக்கு இதில் யாரும் எதையும் மறைக்கவில்லை :)

நீங்கள் இருவரும் கொலையையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். டேட்டை யாராவது நினைத்தீர்களா? இத்தனை வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவன், அவள் போன பிறகு தரைப்பலகைக்கு அடியிலிருந்து உண்மையை எடுக்கிறான். கவிதைகளை எரிக்கிறான். சேஸின் கழுத்தில் கிடந்த சிப்பியைக் கரையிலிருக்கும் மற்ற சிப்பிகளோடு போட்டுவிடுகிறான். அதாவது அவள் ரகசியத்தை இனி இவன் சுமக்கப் போகிறான். முழு நாவலிலும் எனக்குக் காதலாகப் பட்டது அந்த ஒரு காட்சிதான். அந்த இரவை நீங்கள் கேட்கிற மாதிரி முன்னாடியே எழுதியிருந்தால் இது கிடைத்திருக்குமா?

வேலவன்

டேட் காட்சி நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடைசி இரண்டு பக்கங்களுக்காக நடுவில் இருக்கும் ஒரு மனுஷியையே ஓட்டையாக்க வேண்டுமா?

ஆதிரைக்கு: இது நான் கண்டுபிடித்த விதி இல்லை. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் (பாதிரியார், துப்பறியும் கதைகளும் எழுதியவர்) இந்த வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். முதல் கட்டளையே இதுதான்: குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும், ஆனால் வாசகர் யாருடைய எண்ணங்களைத் தொடர்ந்து வருகிறாரோ அவராக இருக்கக் கூடாது. வேடிக்கைக்காக எழுதிய பட்டியல்தான், ஆனால் இந்த ஒரு விதியில் நியாயம் இருக்கிறது. மனதுக்குள் விட்டால் முழுசாக விடு, இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்து.

ஆதிரை

நாக்ஸ் அதை எழுதுவதற்கு மூன்று வருடம் முன்பே, 1926இல், அகதா கிறிஸ்டி அந்த விதியை மீறி முடித்துவிட்டார். 'ரோஜர் ஆக்ராய்ட்' கதையைச் சொல்கிற டாக்டர் ஷெப்பர்டுதான் கொலையாளி. (நூறு வருடப் பழசுக்கெல்லாம் ஸ்பாய்லர் எச்சரிக்கை போடமாட்டேன்.) கடிதம் வந்தது ஒன்பது அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது, தான் கிளம்பியது பத்து நிமிடம் இருக்கும்போது என்று அவரே எழுதுகிறார். நடுவில் இருக்கும் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கொண்டாடுகிறோம். 2018இல் ஒருவர் செய்தால் மோசடியா?

நூலகப்பூனை

கொஞ்சம் பின்னால் போகலாமா? மூன்றையும் கலப்பது 'சமீப' வழக்கம் என்று வேலவன் ஆரம்பித்தார். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860-61இல் வாராவாரம் தொடராக வந்தது. முதல் அத்தியாயத்திலேயே தப்பியோடிய கைதி பிப் என்ற சிறுவனின் தாடையைப் பிடிக்கிறான். பிறகு அந்தச் சிறுவன் வளர்கிறான், எஸ்டெல்லாவைக் காதலிக்கிறான், தனக்குப் பணம் தருவது யார் என்ற மர்மம் முக்கால்வாசிக் கதை வரை நீள்கிறது. குற்றம், காதல், வளரும் பருவம், எல்லாம் ஆயிற்று. முடிவைக்கூட மாற்றி எழுதினார். முதலில் பிப்பும் எஸ்டெல்லாவும் பிரிந்துவிடுவதாகத்தான் இருந்தது. நண்பரும் நாவலாசிரியருமான புல்வெர் லிட்டன் சொன்னதைக் கேட்டு, சேரக்கூடும் என்ற நம்பிக்கையோடு முடித்தார். கடைசிப்பக்கம் மாதிரி வாசகர்கள் அப்போதும் இருந்திருக்கிறார்கள்.

கடைசிப்பக்கம்

பெருமையாக இருக்கிறது.

வேலவன்

பூனையார் எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறார். பிப்புக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அந்தக் கைதிதான் பணம் அனுப்பினான் என்று தெரியும்போது அவனுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, கூடவே நமக்கும். அவ்வளவு நாளும் தன்னைப் பெரிய மனிதனாக நினைத்துக்கொண்டிருந்தவன் அந்த இடத்தில்தான் உடைகிறான், வளர்கிறான். மர்மம் விடுபடுவதும் பையன் வளர்வதும் ஒரே நொடியில் நடக்கின்றன. கையாவின் கதையில் அவளுக்கு எல்லாம் தெரியும், நமக்குத்தான் தெரியாது. மர்மம் விடுபடும்போது அவள் உயிரோடுகூட இல்லை.

ஷெப்பர்ட் விஷயமும் அப்படித்தான். அவர் உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதுகிறார். மறைப்பது அவர் கை. கடைசியில் அந்தப் பத்து நிமிடத்தை எப்படித் தாண்டினேன் பார்த்தீர்களா என்று பெருமைப்பட்டுக்கொள்வதும் அவரே. அந்தத் திமிர் அவர் குணத்தோடு பொருந்துகிறது. கையா எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. கதையைச் சொல்வது ஆசிரியரின் குரல். அவள் மனதை வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடுவது அந்தக் குரல்தான். கையா வாயைத் திறக்காதவள் என்று ஆதிரை சொல்கிறார். சரி, அப்படியானால் முதல் முத்தத்தைப் பற்றி மட்டும் யார் சொன்னது?

ஆதிரை

கதை சொல்கிற மூத்த பிப்புக்கு எல்லாம் தெரியும் அல்லவா? தெரிந்தே முக்கால்வாசி தூரம் நம்மை இருட்டில் நடத்துகிறான். அது மட்டும் நேர்மையா? எல்லாக் கதையும் எதையோ தள்ளிப்போட்டுத்தான் நகர்கிறது.

வேலவன்

தள்ளிப்போடுகிறான், ஆனால் சின்னப் பிப்புக்கு எது எப்போது தெரிந்ததோ அந்த வரிசையில். வரிசை மாறவில்லை.

சிற்றெறும்பு

வணக்கம், இங்கே புதுசு. பெரியவர்கள் சண்டைக்குள் மூக்கை நுழைக்கிறேன், மன்னிக்கவும்.

எனக்கு எரிச்சல் இந்த மறைப்பு இல்லை, வருஷம் தாவுவது. லிஸ் மூர் எழுதிய 'த காட் ஆஃப் த வுட்ஸ்' (2024) படித்தேன். 1975இல் ஒரு கோடைமுகாமில் சிறுமி காணாமல் போகிறாள். அவளுடைய அண்ணனும் பதினான்கு வருடம் முன்பு காணாமல் போனவன். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாராவது ஒரு முக்கியமான வார்த்தை சொல்ல வாயைத் திறந்தால் போதும், அத்தியாயம் முடிந்து வேறு ஆள், வேறு வருஷம். தொடரும் போடுகிற பழைய வாரப் பத்திரிகை உத்தியை ஒரே புத்தகத்துக்குள் செய்கிறார்கள். வளரும் பருவத்துக் கதைக்குக் காலம் நேராக ஓட வேண்டாமா? பன்னிரண்டு வயதில் அவமானப்பட்டது பதிமூன்று வயதில் என்னவாக ஆனது என்று கூடவே நடந்து பார்க்க வேண்டாமா?

நூலகப்பூனை

எறும்பே, அந்தத் தாவல் அங்கே பொருந்துகிறது. அண்ணன் காணாமல் போன வீட்டில், அவனுக்குப் பிறகு பிறந்த பெண் எப்படி வளர்ந்திருப்பாள் என்பதுதான் அந்தக் கதை. 1961 தெரியாமல் 1975 புரியாது. பணக்காரக் குடும்பம் எதை எப்படி மூடி மறைக்கும் என்பதும் முன்னும் பின்னுமாகப் படித்தால்தான் உறைக்கிறது. தாவலைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கடைசிப்பக்கம்

இன்னொன்று சொல்லவேண்டும். அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் ஒரு வரையறை வைத்திருக்கிறது: மையத்தில் ஒரு காதல் இருக்கவேண்டும், முடிவு மனநிறைவாகவும் நம்பிக்கையூட்டுவதாகவும் இருக்கவேண்டும். இதைச் சொன்னாலே 'முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிக்கிறீர்கள்' என்று கிண்டல் செய்கிறார்கள். குற்றக்கதையில் ஆள் அகப்படுவான் என்பதும் தெரிந்த முடிவுதானே? அதை மட்டும் யாரும் கிண்டல் செய்வதில்லை. இரண்டுமே வாக்குக் கொடுத்துவிட்டு ஆரம்பிக்கின்றன. வளரும் பருவத்துக் கதைதான் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. மூன்றையும் கலந்தால் எந்த வாக்கைக் காப்பாற்றுவது என்று எழுதுகிறவர்கள் முழிக்கிறார்கள். 2018இல் வந்த சாலி ரூனியின் 'நார்மல் பீப்பிள்' காதல் கதை என்று நினைத்து வாங்கினேன். முடிவில் நாயகன் கானல் நியூயார்க் போவதா வேண்டாமா என்று அந்தரத்தில் விட்டுவிட்டார். கடைசிப் பக்கத்தை முதலிலேயே படித்தும் ஒன்றும் புரியவில்லை! அதிலும் நடுவில் அந்தப் பிரிவு இருக்கிறதே, ஒரு வாய்வார்த்தையில் தீர்ந்திருக்க வேண்டியது.

வேலவன்

அந்தப் பிரிவுக்காகவே அந்த நாவலைத் தூக்கிப் பிடிப்பேன். கானலுக்குக் கோடையில் வாடகை கொடுக்க வழியில்லை. காதலி மேரியன் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டால் போதும். கேட்க வாய் வரவில்லை. ஏனென்றால் அவன் அம்மா மேரியனின் வீட்டில் துப்புரவு வேலை செய்தவள். அவள் பணத்தின் முன்னால் கைநீட்டுகிற மாதிரி இருக்கும். ஊருக்குப் போகிறேன் என்கிறான், நீ வேறு யாரையாவது பார்க்க விரும்புவாய் என்று அவனே வாயைக் கொடுக்கிறான், அவளும் சரி என்றுவிடுகிறாள். இருவரும் ஒருவருக்கொருவர் மறைக்கிறார்கள். நம்மிடம் மறைப்பதில்லை. நமக்கு இரண்டு பக்கமும் தெரிவதால்தான் பதறுகிறது. பிணமும் கிடையாது, புதிரும் கிடையாது.

ஆதிரை

பிணம் இல்லாத கதையைக் காட்டிப் பிணம் உள்ள கதையைத் திட்டுவது என்ன நியாயம்? அந்த இரவை ஓவன்ஸ் எழுதியிருந்தால் வழக்கு விசாரணை அங்கேயே படுத்துவிடும்.

வேலவன்

படுக்காது. கொன்றவள் இவள்தான் என்று தெரிந்துகொண்டே, இவள் தப்பிக்கவேண்டும் என்று நகத்தைக் கடித்துக்கொண்டு படித்திருப்போம். அது இதைவிடக் கஷ்டமான உணர்ச்சி. வாசகரை அந்த நிலையில் நிறுத்த அவருக்குத் தைரியம் வரவில்லை. நிரபராதி என்று நம்பவைத்து நம் இரக்கத்தை வாங்கிக்கொண்டு, கடைசியில் கணக்கைக் காட்டுகிறார். அப்போது திருப்பிக் கேட்க முடியாதே.

சிற்றெறும்பு

2007இல் வந்த டானா ஃபிரெஞ்சின் 'இன் த வுட்ஸ்' படித்திருக்கிறீர்களா அண்ணே? அதில் கதை சொல்கிற துப்பறிவாளன், நான் பொய் சொல்வேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறான். சின்ன வயதில் அவனுடைய இரண்டு நண்பர்கள் காட்டில் காணாமல் போனார்கள். இவன் மட்டும் காலணிக்குள் ரத்தத்தோடு கிடைத்தான். என்ன நடந்தது என்று கடைசிவரை தெரியாது. புத்தகத்தைத் தூக்கி எறியலாம் போல இருந்தது எனக்கு.

வேலவன்

அது எனக்குப் பிடித்த நாவல், தம்பி. அவனுக்கே நினைவு வராதபோது ஆசிரியர் மட்டும் வந்து விடையைக் கையில் கொடுக்கவில்லை. குற்றக்கதையின் வாக்கை மீறினார், ஆனால் அந்தச் சிறுவனுக்கு உண்மையாக இருந்தார்.

ஆதிரை

அப்படியானால் மீறல் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. உங்களுக்குப் பிடித்த பக்கம் மீறினால் நேர்மை, பிடிக்காத பக்கம் மீறினால் மோசடி. கையா குற்றவாளி என்று முதலிலேயே சொல்லியிருந்தால், அவளைச் சதுப்புநிலப் பெண் என்று ஒதுக்கிவைத்த ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்டது சரி என்று ஆகிவிடும். அந்த வெறுப்பின் கனமே நமக்குத் தெரிந்திருக்காது.

வேலவன்

கடைசியில் தெரிந்தாலும் அவர்கள் சந்தேகம் சரிதானே? தப்பெண்ணத்தால் சந்தேகப்பட்டார்கள், சந்தேகமோ உண்மையாகிவிட்டது. இது எவ்வளவு சங்கடமான இடம்! அந்தச் சங்கடத்தில் நாவல் ஒரு நிமிடம்கூட நிற்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆதிரை

நீங்கள் கேட்பது வேறொரு நாவல்.

வேலவன்

வேறொரு நாவல்தான். முதல் பாதியில் அதைத்தான் தருவதாகச் சொன்னார்கள்.