பாரம் ஏற்றியும் பைக் சறுக்கியது ஏன்?

கோண்டாவிலான்:
நேற்றுப் பின்னேரம் சுன்னாகம் சந்தையில் இருந்து வந்தேன். கரியரில் 40 கிலோ வெங்காயம். மழை துமிக்கத் தொடங்கிப் பத்து நிமிசம்கூட இல்லை. உரும்பிராயில் தோட்டப் பக்கம் திரும்பும்போது நாய் ஒன்று குறுக்கே வர, முன் பிரேக்கைப் பிடித்தேன். ஹாண்டில் திரும்பியே இருந்தது, பைக் மட்டும் நேரே மதிலை நோக்கிப் போய்ப் படுத்துவிட்டது. எனக்கு முழங்கையில் உரசல்தான், வெங்காயம் றோட்டெல்லாம். வேகம் 40 இருக்கும். ரயர் போட்டு மூன்று மாதம், பூ அப்படியே இருக்கிறது. பாரம் ஏற்றினால் ரயர் அமர்ந்து பிடிக்கும் என்று கனடா மாமா எப்போதும் சொல்வார். அப்போ ஏன் இப்படி?

கராஜ் அண்ணை:
தம்பி, ரயரை விடும். தோட்டத்தில் இருந்து உழவு மெசின் ஏறுகிற இடம் அது. சில்லில் ஒட்டி வந்த செம்மண் காய்ந்து கிடந்தால் தூசி, துமித்தால் சவர்க்காரம். அடைமழை கழுவிக்கொண்டு போய்விடும். முதல் துமியல்தான் ஆளை விழுத்துகிறது.

பௌதிக மாஸ்டர்:
ஹாண்டிலைத் திருப்பினால் மட்டும் வண்டி திரும்பாது, றோட்டின் உராய்வு வேண்டும். அது போனால் போன திசையிலேயே போகும். பள்ளிக்கூடத்தில் படித்த சடத்துவம் இதுதான். இருக்கிற உராய்வில் பாதியை வளைவு எடுத்திருக்க, மிச்சத்தை விடக் கூடுதலாய் பிரேக் கேட்டது.

மூட்டைக் கதை: பாரம் இரண்டு மடங்கானால் உராய்வும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் நிறுத்தவேண்டிய திணிவும் இரண்டு மடங்கு, வெட்டுப்பட்டுப் போகும். 40இல் பிரேக் பிடித்தால் காய்ந்த தாரில் சுமார் 9 மீற்றர், நனைந்த தாரில் 15, 16 மீற்றர் ஓடும். வேகம் 20 என்றால் அதில் கால்வாசிதான். மூட்டையைப் பின் சில்லுக்கும் பின்னால் தள்ளிக் கட்டினீர்களோ? அப்படியென்றால் முன் சில்லின் பாரம் இன்னும் குறைந்திருக்கும்.

ஸ்காபரோ மச்சான்:
மாமா சொல்வது இங்கத்தைய கதை. பின் சில்லு இழுக்கிற பிக்கப்பில் வின்ரருக்கு மண் மூட்டை போடுவார்கள். வெறும் பெட்டியோடு சில்லு நின்ற இடத்திலேயே சுத்தும், பாரம் இருந்தால் கிளம்பும். கிளம்பத்தான்! ஐஸில் நிற்க உதவாது, அதே 40இல் 60 மீற்றர் போகும். போன தை மாதம் பிரேக்கில் காலை அழுத்தியபடியே சிவப்பு லைற்றைக் கடந்து போனேன். ஏபிஎஸ் (பிரேக்கில் சில்லு இறுகாமல் பார்க்கிற அமைப்பு) கடகடவென்று அடித்தது, வேறொன்றும் நடக்கவில்லை. பூச்சியம் பாகைக்குக் கிட்ட, ஐஸ் மேல் ஈரம் படிந்த நாள்தான் மோசம். மைனஸ் 20 அதைவிட நல்லம்.

கோண்டாவிலான்:
ஓம், பின்னுக்குத் தள்ளித்தான் கட்டினேன். மாமாவைக் கேட்டால் ‘நான் கிளம்புறதைத்தான் சொன்னனான்’ என்கிறார். சரி, பின் பிரேக்கை மட்டும் பிடித்திருந்தால்?

கராஜ் அண்ணை:
அது இறுகினால் வால் வெளியே இழுக்கும். வளைவுக்கு முதலே, நேராய் வரும்போது இரண்டையும் சேர்த்து மெதுவாய்ப் பிடித்து வேகத்தைக் குறையும். பைக்கை ஒருக்கால் கொண்டுவாரும், முன் சில்லைத் தாங்கிற போர்க் வளைந்திருக்கோ பார்க்கவேணும்.