தாத்தாவின் வில்லிஸ் ஜீப்: இன்ஜின் சுற்றவில்லை, பானட்டில் அவர் கீறிய எண்கள், பெயிண்டை உரிக்கலாமா?

தாத்தா_ஜீப்:
எல்லோருக்கும் வணக்கம். தாத்தா ஓட்டிய வில்லிஸ் சிஜே-3பி இப்போது என் பொறுப்பில் வந்திருக்கிறது. அவர் போனதிலிருந்து 14 வருஷமாகக் கொட்டகையிலேயே நின்றது. கடைசியாக நிறுத்தியபோது நன்றாக ஓடிய வண்டி.

இப்போதைய நிலைமை: முன்னால் கிராங்க் ஹேண்டிலைப் போட்டு உடம்பின் முழு பாரத்தையும் வைத்து அழுத்தினேன், மயிரிழைகூட அசையவில்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை. பிரேக் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

நண்பர் ஒருவர் டிராக்டரில் கட்டி, கியரில் போட்டு ஒரு இழு இழுத்தால் இன்ஜின் விட்டுக்கொடுத்துவிடும் என்கிறார். பாடி வேலை செய்பவரோ மணல் அடித்து மொத்தப் பெயிண்டையும் எடுத்துவிட்டு, பட்டி பார்த்து, புதுக் கலர் அடிக்கலாம் என்கிறார். இரண்டுக்குமே மனசு ஒப்பவில்லை. ஸ்டீயரிங்கில் தாத்தாவின் இடது கை பிடிக்கும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. பானட்டின் உட்பக்கம் ஆணியால் ஏதேதோ எண்களைக் கீறி வைத்திருக்கிறார். பெயிண்ட் போனால் அதுவும் போய்விடும். எங்கிருந்து தொடங்கட்டும்?

கிரீஸ்_கை:
தம்பி, முதலில் அந்த டிராக்டர் யோசனையை விட்டுவிடுங்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் ரிங் உடையும், பிஸ்டன் விளிம்பும் சேர்ந்து போகும். மெதுவாக விடுவிக்கக்கூடிய இன்ஜினை இப்படித்தான் பலர் கெடுக்கிறார்கள்.

கியரும், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் நியூட்ரலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நான்கு ஸ்பார்க் பிளக்கையும் எடுங்கள். தானியங்கி கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு மூன்று ஸ்பூன் விடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒரு தரம் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும்.

கிராங்க் ஹேண்டில் ஒரு பக்கமாகத்தான் பிடிக்கும். இரண்டு பக்கமும் அசைக்க ஒரு வழி உண்டு. சமதளத்தில் வைத்து, டிரான்ஸ்ஃபர் கேஸை ஹையிலும் கியரை டாப்பிலும் போட்டு, இரண்டு பேர் வண்டியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். பிரேக் இல்லாததால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு முழம் தள்ளிக் கட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு விரற்கடை அசைந்தால் போதும், அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் விடுங்கள். சுற்ற ஆரம்பித்த பிறகும் பிளக் போடாமலே, ஓட்டைகளின் மேல் துணி போட்டுச் சுற்றி, உள்ளே இருக்கும் எண்ணெய் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள்.

பழைய டேங்கிலிருந்து ஒரு சொட்டுகூட கார்பரேட்டருக்குப் போகக் கூடாது. முதல் ஸ்டார்ட்டுக்குச் சின்ன கேனில் புதுப் பெட்ரோல் தனியாகக் கொடுங்கள்.

மூன்றாவது_கோட்டிங்:
பெயிண்ட் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். மெல்லிய தகட்டில் கண்மூடித்தனமாக மணல் அடித்தால் அது நெளியும். மணல் பேரிங்கிலும் சேஸிஸுக்குள்ளும் புகுந்துகொள்ளும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டுரின் சாசனமும் முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்று, தேவையான இடத்தில் மட்டும் கை வை என்றுதான் சொல்கிறது.

நான் செய்வது இதுதான். எதையும் தொடுமுன் எல்லாப் பக்கமும் போட்டோ. அப்புறம் மிதமான சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி. வெளுத்த பெயிண்டைக் கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில் மெதுவாகப் பாலிஷ் செய்து பாருங்கள், அடியில் நிறம் உயிரோடு இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். துரு மேலோட்டமாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து மெழுகு பூசினால் போதும். தரைத் தகட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் சேனல்களில் சேறு தங்கித் தகடு ஓட்டையாகியிருக்கும். அங்கே மட்டும் வெட்டி வெல்டிங் செய்யத்தான் வேண்டும். அதைத் தள்ளிப் போடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது.

அந்த எண்களை விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள், கீறல் நன்றாகத் தெரியும். படித்து இங்கே எழுதுங்கள்.

தாத்தா_ஜீப்:
ரொம்ப நன்றி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் தெளிவாகத் தெரிந்தது. மேலே பெரிதாக "18 / 16". அதற்குக் கீழே நாள், மாதம் மட்டும், வரிசையாக. சிலவற்றின் பக்கத்தில் "ஆயில்". கடைசி ஐந்து வரிகளில் மூன்றில் "3 மறுபடி" என்று இருக்கிறது. மூன்றாவது தரம் எழுதியதன் கீழே அழுத்தி ஒரு கோடு.

கிரீஸ்_கை:
படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 18 / 16 என்பது இந்த ஹரிக்கேன் இன்ஜினின் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விட வேண்டிய சந்து. இன்ஜின் ஆறியிருக்கும்போது இன்டேக் (பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வரும்) வால்வுக்கு 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட் (புகை வெளியே போகும்) வால்வுக்கு 0.016 அங்குலம். இதில் இன்டேக் வால்வுகள் மேலே, இன்ஜினின் மூடியான ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வுகள் கீழே பிளாக்கில் இருக்கும். உங்கள் தாத்தா ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) வைத்துத் தானே டேப்பட் பார்த்திருக்கிறார்.

"3 மறுபடி" என்றால் மூன்றாவது சிலிண்டரில் வைத்த இடைவெளி நிற்காமல் குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். எக்ஸாஸ்ட் வால்வு தான் உட்காரும் வளையமான சீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் அப்படித்தான் ஆகும். இடைவெளி முழுதும் போய்விட்டால் வால்வு சரியாக மூடாது, சூட்டில் விளிம்பு கருகும். இன்ஜின் சுற்ற ஆரம்பித்ததும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள், மூன்றாவதை முக்கியமாக.

தாத்தா_ஜீப்:
11 நாள் கழித்து எழுதுகிறேன். இன்ஜின் சுற்றுகிறது! ஒன்பதாம் நாள் வண்டியை ஆட்டும்போது ஃபேன் ஓர் இலை அளவு நகர்ந்தது. மறுநாள் கிராங்க் ஹேண்டிலிலேயே முழுச் சுற்று வந்தது. அழுக்கு எண்ணெயெல்லாம் துணியில் பீய்ச்சி அடித்தது.

கம்ப்ரஷன்: 1-ல் 100, 2-ல் 105, 3-ல் 20, 4-ல் 100 பிஎஸ்ஐ. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன், 22 தான்.

கிரீஸ்_கை:
ரிங் கசிந்திருந்தால் ஆயில் அந்தச் சந்தை அடைத்து, அழுத்தம் நன்றாக ஏறியிருக்கும். ஏறவில்லை, எனவே வால்வுதான். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டு மூடியைத் திறந்தால் எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங்குகள் தெரியும். யாராவது மெதுவாகச் சுற்ற, மூன்றாவது வால்வு முழுதாக இறங்கி உட்காருகிறதா, டேப்பட்டில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கார்பரேட்டரை எடுத்த பிறகு அந்த ஓட்டைக்குள்ளே ஒரு ஹெட் போல்ட் ஒளிந்திருக்கும். அது தெரியாமல் நெம்பி ஹெட்டைக் கீறிவிட்டவர்கள் உண்டு.

தாத்தா_ஜீப்:
இடைவெளி பூஜ்யம். இருப்பதிலேயே மெல்லிய கேஜ்கூட நுழையவில்லை. 0.016 வைத்த பிறகும் 60-க்கு மேல் ஏறாததால் ஹெட்டைக் கழற்றினேன். ஒளிந்திருந்த போல்ட் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது, நன்றி. வால்வின் விளிம்பில் பிறை மாதிரி ஒரு துண்டு கருகிப் போயிருக்கிறது. மற்ற மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. மூன்றாவதற்குக் கெட்டியான புது சீட்டும் வால்வும் போடக் கொடுத்திருக்கிறேன். மற்றவற்றைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு நானே தேய்த்துவிட்டேன்.

பானட்டைத் துடைத்து மெழுகு மட்டும் பூசினேன். கீறல் அப்படியே இருக்கிறது.

நாலு_டிரம்:
இன்ஜின் பேச்சிலேயே இருக்கிறீர்கள், பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். எங்காவது ஒரு குழாய் விட்டால் நான்கும் போச்சு. அதனால் எது நல்லது எது கெட்டது என்று பொறுக்கிக்கொண்டிருக்காமல் மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ்கூட உள்ளே வீங்கி அடைத்திருக்கும், பெடலை விட்ட பிறகும் சக்கரம் பிடித்தே நிற்கும். இரும்புக் குழாய்களில் துருக்குழி இருந்தால் அவையும் புதிது.

பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் ஏர் அடித்து ஊதாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

தாத்தா_ஜீப்:
ஒரு பழைய ஹோஸைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். நடு ஓட்டை ஊசி நுழையும் அளவுதான் இருந்தது. எல்லாவற்றையும் மாற்றுகிறேன்.

ஒரே சிக்கல், பின் இடது டிரம் வரவே மாட்டேன் என்கிறது. சுத்தியால் தட்டலாமா?

நாலு_டிரம்:
வேண்டாம். பின் ஆக்சில் முனை கூம்பு வடிவம், சக்கரம் பூட்டும் ஹப் அதன் மேல் இறுகி உட்கார்ந்திருக்கும். ஆக்சில் முனையில் தட்டினால் அடி உள்ளே பேரிங்குக்கும் டிஃபரன்ஷியலுக்கும் போகும். பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். ஆக்சில் நட்டைக் கழற்றிவிடாமல் சில மரை தளர்த்தி அப்படியே விடுங்கள், ஹப் தெறித்து வந்தால் அது பிடித்துக்கொள்ளும். வீல் போல்ட்டுகளில் பூட்டும் கனமான ஹப் புல்லரை மாட்டி இறுக்கி, ராத்திரி முழுக்க அந்த இறுக்கத்திலேயே விட்டுவையுங்கள். எதிரே யாரும் நிற்க வேண்டாம். வந்ததும் ஆக்சிலையும் ஹப்பையும் சேர்த்துப் பூட்டும் சின்னச் சாவிக்கட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.

தாத்தா_ஜீப்:
காலையில் புல்லரை இன்னொரு கால் சுற்று திருப்பினேன். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், டிரம் கையோடு வந்துவிட்டது. சாவிக்கட்டையைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.