த்ரீ பேஸ் வீட்டுக்கு த்ரீ பேஸ் ஹைபிரிட்தான் வேணுமா?

வெயில்வீடு
கோவை பக்கம் சொந்த வீடு, ஈபி சர்வீஸ் த்ரீ பேஸ். 1.5 டன் ஏசி ரெண்டு, 3 எச்பி த்ரீ பேஸ் போர் மோட்டார், மத்தது வழக்கமான சாமான்தான். 8 கிலோவாட் பேனல், 10 கிலோவாட் த்ரீ பேஸ் ஹைபிரிட் இன்வெர்ட்டர் (பேனல், பேட்டரி, ஈபி மூணையும் சேர்த்து ஓட்டறது), 51.2 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பேட்டரி ஒண்ணு. இப்படி ஒரு கொட்டேஷன் கையில இருக்கு. கரண்ட் போனாலும் மொத்த வீடும் ஓடும்னு சொல்றாங்க. ஓடுமாங்க?

பழைய வயர்மேன்
ஓடாது தம்பி. அந்தப் பேட்டரியில இருக்கிறது 5.12 யூனிட். பேட்டரியைக் காக்கற சர்க்யூட், அதான் பிஎம்எஸ், வழக்கமா 100 ஆம்பியருக்கு மேல விடாது. 51.2-ஐ 100-ஆல பெருக்குங்க, இன்வெர்ட்டர் தின்றது போக 4.8 கிலோவாட் கிட்டத்தான் கைக்கு வரும். இன்வெர்ட்டர் மேல 10-னு எழுதியிருந்தா என்ன, கொடுக்க வேண்டியது பேட்டரி.

என் கட்சி இதுதான்: சாதாரண த்ரீ பேஸ் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (பேட்டரி இல்லாம ஈபியோட சேர்ந்து ஓடறது) ஒண்ணு போடுங்க. அவசியமான லைட், ஃபேன், ஃபிரிட்ஜ், ஒரு ஏசி எல்லாத்தையும் ஒரே பேஸுக்குக் கொண்டுவந்து, அதுக்கு மட்டும் 5 கிலோவாட் சிங்கிள் பேஸ் ஹைபிரிட். பழுதானாலும் ஒண்ணுதான் கழலும்.

ஈரோடு சோலார்
அண்ணே, பேட்டரி கணக்குல உங்களோட முழுசா ஒத்துப்போறேன். ஆனா தீர்வு சரியில்லை. பகல் 11 மணிக்கு ஈபி நின்னா ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் நின்னுடும். லைன்ல வேலை செய்யறவங்க உயிருக்காக வெச்ச விதி அது, மாத்தவே கூடாது. அப்போ கூரையில வெயில் கொளுத்தும், 8 கிலோவாட் பேனலும் சும்மா கிடக்கும், கீழே நீங்க பேட்டரியைக் கரைச்சுட்டு இருப்பீங்க. ஹைபிரிட்ல பேனல் நேரா உள்ளே வருது, கட் நேரத்துலயும் அதேதான் லோடை எடுக்கும். பேட்டரி சின்னதா இருந்தாலும் பகல் கட்டுக்கு அது பெரிய வித்தியாசம்.

பழைய வயர்மேன்
பகல் கட்டு சரி. ஒரு பேஸ் மட்டும் போனா? டிரான்ஸ்பார்மர்ல ஒரு ப்யூஸ் போயி, லைன்மேன் வர்ற வரைக்கும் ரெண்டு பேஸ்ல ஓடற வீடு நம்ம பக்கம் எத்தனை இருக்கு? பெரும்பாலான த்ரீ பேஸ் ஹைபிரிட் ஒரு பேஸ் குறைஞ்சதும் கிரிட் (ஈபி லைன்) பழுதுன்னு மூணையும் கழட்டிடும். நல்லா இருக்கிற ரெண்டு பேஸ் வாசல்ல நிக்க, வீடு பேட்டரியில ஓடும். ராத்திரின்னா விடியறதுக்குள்ள காலி. சிங்கிள் பேஸ் மெஷின்னா முன்னாடி ஒரு பேஸ் செலக்டர் போட்டுத் திருப்பிட்டுப் போயிடலாம்.

ஈரோடு சோலார்
இது உண்மையான குறை, மறுக்கலை. அதனாலதான் பேட்டரியில 30, 40 சதவீதம் எப்பவும் இருப்பு வெக்கச் சொல்றேன், டைம் ஷெட்யூல்லயே அதை வெச்சுக்கலாம். ஆனா நியூட்ரல் கட் ஆகறதையும் பாருங்க. லோடு குறைஞ்ச பேஸ்ல வோல்டேஜ் 300-ஐத் தாண்டும். அப்போ மூணு பேஸையும் ஒண்ணா கண்காணிச்சு ஒண்ணா கழலற மெஷின் எனக்கு நிம்மதி.

கம்பிக்கட்டு
மோட்டாரை யாருமே தொடலையே. 3 எச்பி ஓடும்போது 5 ஆம்பியர் அளவுதான். நேரா ஸ்டார்ட் பண்ணினா அஞ்சாறு மடங்கு இழுக்கும். 10 கிலோவாட் மெஷின் பேஸுக்கு 14.5 ஆம்பியர். மெஷின் அந்த நொடிநேர இழுப்பைத் தாங்கினாலும் 100 ஆம்பியர் பிஎம்எஸ் அந்த நொடியில கட் ஆகும், வீடே இருட்டாகும். மோட்டாரை பேக்கப் பக்கம் கொண்டுவராதீங்க. கொண்டுவந்தே ஆகணும்னா விஎஃப்டின்னு மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற கருவி போட்டு மெதுவா ஏத்துங்க.

வெயில்வீடு
மோட்டார் ஈபியிலேயே இருக்கட்டும், தண்ணித் தொட்டி பெருசுதான். ரெண்டு ஏசியும் ஒரே பேஸ்ல இருக்கு, அது பிரச்சனையா?

ஈரோடு சோலார்
பல மாடல்ல ஒரு பேஸ்ல மொத்தத் திறன்ல பாதி வரைக்கும் எடுக்கலாம், 10 கிலோவாட்ல 5. டேட்டாஷீட்ல அன்பேலன்ஸ் அவுட்புட்னு போட்டிருப்பாங்க, அதைப் படிக்காம வாங்காதீங்க. வயரிங்ல கைவைக்க முடிஞ்சா ஏசியை ஆளுக்கொரு பேஸ்ல பிரிச்சுடுங்க.

சிடி (பேஸ் வயர்ல ஓடற கரண்டை அளக்கற வளையம்) விஷயத்துல எலக்ட்ரீஷியனை அவசரப்படுத்தாதீங்க. மூணு சிடி, மூணு பேஸ், ஒவ்வொண்ணுலயும் ஒரு அம்புக்குறி. ஒண்ணு திரும்பிப் போனாலோ, ஆர் பேஸ் சிடி ஒய் பேஸ்ல மாட்டினாலோ, திரையில வர்ற கணக்கெல்லாம் பொய். ராத்திரி பேனல் தூங்கினப்புறம், இன்வெர்ட்டர் பேட்டரியில இருந்து எடுக்காத மாதிரி வெச்சுட்டு, இஸ்திரிப்பெட்டியை ஒவ்வொரு பேஸ் பிளக்லயா மாட்டிப் பாருங்க. எந்த பேஸ்ல மாட்டினீங்களோ அதே பேஸ்லதான் ஆயிரம் வாட் ஏறணும். அதுவும் ஈபியில இருந்து வாங்கற பக்கம் ஏறணும்.

பழைய வயர்மேன்
இந்த இஸ்திரிப்பெட்டி சோதனையை நானும் எல்லார்கிட்டயும் செய்யச் சொல்றேன். ஆனா பேக்கப் எர்த்தை யாரு பார்க்கறாங்க? ஈபி போனதும் பல மெஷின் ஈபி நியூட்ரலையும் சேர்த்துக் கழட்டும். அப்போ வீட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சம்பந்தமே இல்ல. வாஷிங் மெஷின் பாடியில லீக் ஆனாலும் கரண்ட் திரும்பற வழி கிடையாது, லீக்கைக் கண்டு சப்ளையை நிறுத்தற ஆர்சிசிபி விழாது. கட் நேரத்துல மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கிற ரிலே வேணும். மெஷினுக்குள்ளேயே இருக்கா, வெளியே கான்டாக்டர் போடணுமான்னு மேனுவல்ல பாருங்க. நிரந்தரமா ஜம்பர் போட்டா ஈபி இருக்கும்போது அதுவே வம்பு.

கம்பிக்கட்டு
எங்க ஏரியாவுல ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டிட்டுப் போறாங்களே, அது போதாதா அண்ணே?

பழைய வயர்மேன்
போதாது. அந்தப் பட்டன் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுலதான் வேலை செய்யுது, எர்த் இல்லாமலே விழும். ஈபி மெயினை இறக்கிட்டு, பேக்கப் பிளக்ல ஆர்சிசிபி டெஸ்டர் வெச்சு பேஸுக்கும் எர்த்துக்கும் பார்க்கணும். இதை லைசென்ஸ் உள்ள ஆளை வெச்சுத்தான் செய்யணும், தம்பி நீங்க கைவைக்காதீங்க.

வெயில்வீடு
ரொம்ப நன்றிங்க. கூரை சோலாருக்கு மத்திய அரசு தர்ற பிஎம் சூர்ய கர் மானியம் 78,000 இதுல பேட்டரிக்கும் வருமா?

ஈரோடு சோலார்
3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் உச்சவரம்பே 78,000தான், பேட்டரிக்குன்னு தனியா எதுவும் கிடையாது. அதனால 10 கிலோவாட்டுக்குப் பதிலா 8 கிலோவாட் ஹைபிரிட் கேளுங்க, மிச்சப் பணத்தை ரெண்டாவது 100 ஏஎச் பேட்டரி பக்கம் தள்ளுங்க. ரெண்டும் ஒரே கம்பெனியா, இன்வெர்ட்டரோட பிஎம்எஸ் பட்டியல்ல இருக்கிற மாடலா இருக்கணும்.

பழைய வயர்மேன்
நான் இப்பவும் சிங்கிள் பேஸ் கட்சிதான். ஆனா த்ரீ பேஸ்னு முடிவெடுத்தா ரெண்டு பேட்டரிக்குக் குறைஞ்சு வாங்காதீங்க. அந்த எர்த் டெஸ்டையும் கொட்டேஷன்லயே ஒரு வரியா எழுதி வாங்கிட்டு அட்வான்ஸ் கொடுங்க.