ஜெர்மனியில் படிக்கிறேன், ஆனால் ஊர்க்காரர்களோடு பழகவே வழியில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி:
கெம்னிட்ஸில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில், ஹாஸ்டலில் பக்கத்து அறை எதிர் அறை எல்லாம் நம்ம ஆட்கள், சமையலும் கூட்டாகத்தான். நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் போகலாம் என்கிற டாய்ச்லாண்ட் டிக்கெட்டை வைத்துக்கொண்டு டிரெஸ்டன், லைப்சிக் என்று சுற்றியாயிற்று, போட்டோவுக்குக் குறைவில்லை. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் சாயங்காலம் என்ன செய்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் மூடிக் கிடக்கும்போது எங்கே போகிறார்கள் என்று சத்தியமாகத் தெரியாது. படிக்கட்டில் எதிரே வருபவர் ஹலோ சொல்வார், அதோடு சரி. ஜெர்மன் பி1 (இடைநிலை) முடித்திருக்கிறேன், மெதுவாகப் பேசினால் புரியும். டூரிஸ்ட் இடங்கள் வேண்டாம், சாதாரண ஆட்களோடு சாதாரணமாகப் பழகுவதற்கு என்ன வழி?

பதில் 1:
ப்ரோ, ஏதாவது ஒரு ஃபெரைனில், அதாவது சங்கத்தில் சேருங்கள். இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் சங்கம்தான், ஏழு பேர் கூடினால் பதிவே செய்துவிடலாம். டேபிள் டென்னிஸ், செஸ், பாட்டுக் குழு, மலையேற்றம், தன்னார்வத் தீயணைப்புப் படை வரைக்கும் இருக்கிறது. பல்கலைக்கழகமே நடத்தும் விளையாட்டு வகுப்புகளான ஹோக்‌ஷூல்ஸ்போர்ட்டும் நல்லதுதான், ஆனால் அங்கேயும் மாணவர்கள்தான் வருவார்கள், பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் நல்ல வகுப்பெல்லாம் நிரம்பிவிடும், செமஸ்டர் முடிந்தால் ஆளுக்கொரு திசை. ஊர்ச் சங்கத்தில் பதினாறு வயதுப் பையனும் இருப்பான், ரிட்டயர் ஆன தாத்தாவும் இருப்பார். நான் டேபிள் டென்னிஸ் சங்கத்துக்குப் போகிறேன். முதலில் ஒரு மெயில் போட்டு, ‘ப்ரோபட்ரெய்னிங் (சோதனைப் பயிற்சி) வரலாமா’ என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு முறை காசில்லாமல் விளையாடிப் பார்க்கலாம்.

ஆட்டத்தைவிட அதற்கப்புறம் நடப்பதுதான் முக்கியம். மேசையை மடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு நாலைந்து பேர் பக்கத்து பாருக்குப் போவார்கள். களைப்பாக இருக்கிறது என்று ஹாஸ்டலுக்குத் திரும்பிவிடாதீர்கள், பியர் குடிக்காவிட்டால் ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்து தருவார்கள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பில் அவரவர் கணக்குதான், அதைக் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பிறந்தநாள் வந்தால் கேக் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். மற்றவர் பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள், அது ராசியில்லையாம், பெரிய எஞ்சினியர்கள்கூட அதில் கறார்.

பதில் 2:
தம்பி, நான் லைப்சிக்கில் பல வருஷமாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள், பாதிப் பேர் தோட்டத்தில் இருப்பார்கள். ரயில் பாதை ஓரமாகச் சின்னச் சின்ன வேலி போட்டு உள்ளே ஒரு குட்டி வீடு தெரியுமே, அதுதான். ஏழைகளின் குடிசை என்று நினைத்துக்கொண்டு போகிற நம்மவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! அதெல்லாம் சங்கத்திடம் குத்தகைக்கு எடுத்த தோட்டங்கள். மனை 400 சதுர மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, குடில் 24 சதுர மீட்டருக்குள், அதில் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது என்று தனிச் சட்டமே உண்டு. லைப்சிக்கில் இதற்கென்று ஒரு மியூசியமும் இருக்கிறது.

மாணவருக்குச் சொந்தமாகத் தோட்டம் தேவையில்லை. வசந்த காலத்தில் பொது வேலை நாள் வைப்பார்கள், பாதை சுத்தம் செய்வது, வேலிச்செடி வெட்டுவது மாதிரி. அறிவிப்புப் பலகையில் தேதி ஒட்டியிருக்கும், சும்மா போய் ‘உதவிக்கு வரலாமா’ என்று கேளுங்கள். எங்கள் சங்கத்தில் வேலியின் உயரத்தைக் கம்பு வைத்து அளக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். முதலில் பார்க்க முசுடு. கையில் மண்வெட்டியைப் பிடித்து ஒழுங்காக நாலு குழி தோண்டினால் போதும், இந்தப் பகுதியின் சாக்சன் பேச்சு வழக்கில் நிறுத்தாமல் கதை சொல்லுவார். பி1 பாடத்தில் வராத ஜெர்மன் அது, பாதிதான் புரியும், பரவாயில்லை, தலையாட்டுங்கள்.

பதில் 3:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் இரண்டு மாதத்தில் நெருங்கிய நண்பர்கள் கிடைப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பாதிப் பேர் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரே கூட்டமாக இருப்பவர்கள். உங்களை ஒதுக்குவதில்லை, இடம் கொடுக்க நேரம் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். சில இடத்தில் நிஜமாகவே முகம் கொடுக்க மாட்டார்கள், அங்கே காத்திருக்காமல் வேறு சங்கம் பாருங்கள்.

எனக்கு வழி திறந்தது பேக்கரி வேலையில். மாணவர் விசாவில் வருஷத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்யலாம், 2024 மார்ச்சிலிருந்து இதுதான் கணக்கு. அதைக் குடோனில் பெட்டி தூக்கிக் கழிக்காமல் ஆட்கள் வந்து பேசுகிற கவுண்டரில் கழியுங்கள். எந்த ரொட்டி யாருக்கு, வெட்டித் தரணுமா முழுசா என்பதெல்லாம் பழகிவிட்டால், காலையில் வரும் பாட்டிகளே உங்கள் இலக்கணத்தைத் திருத்துவார்கள், காசு வாங்காமல்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா, நன்றி நண்பர்களே. பக்கத்திலேயே ஒரு டேபிள் டென்னிஸ் சங்கம் இருக்கிறது, மெயில் போட்டுவிட்டேன், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏதாவது எடுத்துப்போகணுமா? மட்டை இல்லை.

பதில் 1:
மட்டை அவர்களே தருவார்கள், மெயிலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஷூதான் முக்கியம். தெருவில் நடந்த ஷூவோடு ஹாலுக்குள் விட மாட்டார்கள், தரையில் கறை படியாத அடிப்பாகம் உள்ள ஒரு ஜோடி தனியாக எடுத்துப்போங்கள். அப்புறம் ஏழு மணி என்றால் ஆறு ஐம்பத்தைந்து.