இரட்டைச் சுவரில் ஆழமாக அமைந்த யன்னல்: உட்புறத்தைப் பலகையால் மூடலாமா?

கேள்வி – கிளிநொச்சி, கண்டாவளைப் பக்கம்

2010இல் மீள்குடியேறியபோது, எஞ்சி நின்ற பழைய வெளிச்சுவரை இடிக்க மனமில்லாமல், அதன் உட்புறமாக ஒட்டியே சீமெந்துக் கல்லால் இன்னொரு சுவரைக் கட்டினோம். யன்னல் நிலை பழைய சுவரிலேயே நிற்பதால், அறைக்குள்ளிருந்து பார்த்தால் அது மாடக்குழி போல உள்வாங்கிக் கிடக்கிறது. அந்த ஆழமும் ஒரே அளவில் இல்லை. இடப்பக்கம் 15 அங்குலம், வலப்பக்கம் 14¼ அங்குலம். இரண்டு முறை சாந்து பூசினேன். இரண்டு முறையும் இரு சுவர்களும் சந்திக்கும் கோட்டிலேயே வெடித்தது. இனிப் பாலைப் பலகையால் நான்கு புறமும் மூடிவிடலாம் என்று எண்ணுகிறேன். அடிப்பகுதியில் வெள்ளையாகப் பூத்திருப்பதையும் சொல்ல வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழி கூறுங்கள்.

பதில் – ஒட்டுசுட்டான், ஓடாவி வேலை செய்பவர்

தம்பி, பழைய சுவர் இறங்கி அடங்கிவிட்டது, புதியது அதன் போக்கில் அசைகிறது. ஆகவே எத்தனை முறை பூசினாலும் அந்தக் கோடு வெடிக்கும். பலகை அடிப்பது சரியான யோசனைதான், ஆனால் அதையும் இரண்டு சுவர்களிலும் இறுக்கினால் பலகையே பிளக்கும். புதிய சுவரில் மட்டும் திருகாணியால் பிடியுங்கள். நிலையின் பக்கமாக உள்ள விளிம்பை எதிலும் பிடிக்காமல், நிலையில் அடித்த ஒரு சிறு சட்டத்தின் காடிக்குள், அதாவது நீளவாக்கில் வெட்டிய பள்ளத்துக்குள், நழுவும்படி விட்டுவிடுங்கள்.

ஆழம் வேறுபடுவதால் எல்லாப் பலகைகளையும் ஒரே அளவில் அறுக்க வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து, பலகையை ஓரம் சரித்துச் சீவ வேண்டும். அறைப்பக்கத்தில் எஞ்சும் ஏற்ற இறக்கத்தை இரண்டரை அங்குல விளிம்புச் சட்டம் மறைத்துவிடும். 15 அங்குல அகலத்துக்கு ஒரே பலகை போடாதீர்கள். மரம் அகலவாக்கில்தான் அதிகம் ஊதும், சுருங்கும். இரண்டு பலகைகளை நாக்குப் பொருத்தில் (ஒன்றின் நீட்டு விளிம்பு மற்றதன் காடிக்குள் நுழையும்படி) சேர்த்தால் அந்த அசைவு மூட்டுக்குள் அடங்கும். பாலை மிகக் கடினமானது. துளையிடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். முதிரை கிடைத்தால் சீவுவதற்குச் சற்று இலகு. எந்த மரமானாலும் சுவரைப் பார்க்கும் பின்பக்கத்துக்கும் பூச்சு அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கம்தானே என்று விட்டுவிடுபவர்களே பெரும்பாலோர். ஈரம் ஏறி வளைவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

பதில் – வவுனியா, மேசன்

ஓடாவி ஐயா கூறியதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் வெள்ளைப் பூப்பு இருக்கும்போது பலகை அடிப்பது கறையானுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம். அது உவர்; சுவருக்குள் ஈரம் நடமாடுகிறது என்பதே அதன் பொருள். தண்ணீரால் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளேதான் போகும், உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். பிறகு ஒரு பொலித்தீன் துண்டை நான்கு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உட்பக்கத்தில் நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. எப்படியும் அடித்தட்டுக்கு மரம் வேண்டாம். சீமெந்து இழைத்தோ மாபிள் பதித்தோ விடுங்கள்.

கேள்வி கேட்டவர்

பொலித்தீன் காய்ந்தே இருந்தது, ஆனால் இது மழையில்லாத ஆடி மாதம் என்பதால் மனம் ஒப்பவில்லை. வெளியே யன்னலுக்கு மேலே நீட்டி நிற்கும் மறைப்பின் மேல் வாளியால் நீர் ஊற்றிப் பார்த்தேன். கீழே சொட்ட வேண்டிய நீர், மறைப்பின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டே சுவர்வரை வந்து நிலையின் தலைக்குள் இறங்கியது.

பதில் – வவுனியா, மேசன்

மறைப்பின் அடிப்புறத்தில் வெளி ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, அரை அங்குல அகலத்தில் ஒரு காடி வெட்டுங்கள். நீர் அந்த இடத்திலேயே அறுந்து விழும். வாடைக்காற்றோடு வரும் ஒரு மாரியைப் பார்த்துவிட்டு, உவர் மீண்டும் பூக்காவிட்டால் மாசியில் பலகையைத் தொடங்குங்கள்.

பதில் – ஒட்டுசுட்டான், ஓடாவி வேலை செய்பவர்

மரத்தை இப்போதே வாங்கி, அந்த அறையிலேயே இடைச்சட்டம் வைத்து அடுக்கிவிடுங்கள். மாசிக்குள் அதுவும் அந்த அறையின் காற்றுக்குப் பழகியிருக்கும்.