தாம்பூலப் பையும் ஒரு தீக்குச்சியும்

வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைக்கப் பார்த்த எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். மதுரையில் இருக்கிறோம், கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை. போன தை மாதம் வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைக்கலாம் என்று பேச்செடுத்ததும் அத்தை, "நம்ம வீட்ல எப்பவும் துணிப்பைதானே" என்று பீரோ மேலிருந்து பைக்கட்டு ஒன்றை இறக்கினார். எல்லாம் கல்யாண வீடுகளில் தேங்காய் வெற்றிலை போட்டுத் தந்த தாம்பூலப் பைகள். முப்பதுக்கு மேல் இருக்கும், ஒன்றையும் வீணாக்காமல் மடித்து வைத்திருந்தார்.

தொட்டால் துணி மாதிரியேதான் இருக்கும். ஆனால் எட்டாவது படிக்கும் பெரியவன், பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பையின் காதிலிருந்து நகமளவு வெட்டி, இடுக்கியில் பிடித்து, மொட்டை மாடியில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினான். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வந்து சாம்பலாகிவிடும். இது சுருண்டு உருகிச் சொட்டியது, ஆறியதும் கெட்டியான மணி மாதிரி தரையில் ஒட்டிக்கொண்டது. அது பாலிபுரோப்பிலீன், பிளாஸ்டிக்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருள்களில் நூலால் நெய்யாமல் பிளாஸ்டிக் இழைகளை ஒட்டிச் செய்கிற இந்த ‘நெய்யாத’ பையும் வருகிறது, பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் வருகிறது. அத்தை முகம் வாடிப்போனது, எனக்கே கஷ்டமாகிவிட்டது.

அந்தப் பைகளைத் தூக்கிப் போடவில்லை, கிழிகிற வரை புழங்கட்டும் என்று விட்டோம். மறுநாள் அத்தையே மாமாவின் பழைய வேட்டிகளை எடுத்து மெஷினில் உட்கார்ந்து ஏழு பை தைத்துவிட்டார். ஈர வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் கீரை மறுநாளும் வாடாமல் இருக்கிறது, பிளாஸ்டிக் கவரில் அழுகித்தான் போகும். உழவர் சந்தையில் காய் எப்படியும் உதிரியாகத்தானே தருகிறார்கள், அங்கே பை கொண்டுபோனால் போதும்.

கறிக்கடைதான் சிரமமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக் கூட்டத்தில் தூக்குச்சட்டியை நீட்டினால், "சட்டி எடையைக் கழிக்கணும்க்கா, இப்ப முடியாது" என்று கடைக்காரத் தம்பி கவரிலேயே போட்டுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த வாரம் ஆறரைக்கே போனேன், தராசுத் தட்டில் நிறுத்துச் சட்டியில் கொட்டினார். இப்போது கூட்டத்திலும் அப்படியே தந்துவிடுகிறார்.

பால் பாக்கெட் மட்டும் குறையவே இல்லை. தினம் இரண்டு, வருஷத்துக்கு 730. அதனால் மூலையைத் தனியாக வெட்டி எறியாமல் கவரோடு ஒட்டியே இருக்கிற மாதிரி கீறுகிறோம், ஏனென்றால் அந்தச் சின்னத் துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள், நேரே சாக்கடைக்குத்தான் போகும். கழுவிக் காய வைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்கிறார்கள். பிஸ்கட், சிப்ஸ் உறைகளை அங்கேயும் வாங்குவதில்லை, அதனால் சிப்ஸையே குறைத்துவிட்டோம், அப்புறம் சின்னவளோடு தினமும் சண்டை.

வருகிற ஆவணியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். தாம்பூலத்துக்கு 400 பை வேண்டும், பருத்தி மஞ்சப்பைதான் என்று அத்தை பிடிவாதமாக நிற்கிறார், சம்பந்தி வீட்டில் பளபளப்பான பை கேட்கிறார்கள். கல்யாணத்தில் மஞ்சப்பை கொடுத்தவர்கள் இருந்தால், எவ்வளவு செலவானது, அந்தப் பக்கத்து ஆட்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று கொஞ்சம் சொல்லுங்கள்.