ஆர்டெமிஸ் – ஐபிஎம் எம்க்யூ: பதில் மெசேஜ் வருது, ஆனா கேட்டவனுக்குப் போய்ச் சேரல

சூரமங்கலத்தான்:
வணக்கம். சேலத்துல ஜவ்வரிசி லோடு புக்கிங் பார்க்கிற ஆபீஸ். எங்க அப்ளிகேஷன் ஆக்டிவ்எம்க்யூ ஆர்டெமிஸ்ல (புரோகிராம்களுக்கு நடுவுல மெசேஜ் கொண்டுபோற சாஃப்ட்வேர்) ஓடுது. சரக்கு எடுக்கிற வடநாட்டுக் கம்பெனில கோபோல் (COBOL) மொழி புரோகிராம், அவங்க அதே வேலை செய்யிற ஐபிஎம் எம்க்யூ வழியா மட்டும்தான் பேசுவாங்க. நடுவுல அப்பாச்சி கேமல்ல (சிஸ்டங்களை இணைக்கிற டூல்) ஒரு பாலம் எழுதி ஜேஎம்எஸ் (ஜாவால மெசேஜ் அனுப்புற பொது முறை) மூலமா ரெண்டையும் இணைச்சிருக்கோம்.

ரிக்வெஸ்ட் ஒழுங்கா போகுது. அவங்க பதிலும் போடுறாங்க, பாலம் அதை எடுத்து ஆர்டெமிஸ் பதில் க்யூவுல போடுது. ஆனா கோரிலேஷன் ஐடி (எந்தக் கேள்விக்கு எந்தப் பதில்னு ஜோடி சேர்க்கிற அடையாளம்) வச்சுக் காத்திருக்கிற த்ரெட் டைம்அவுட் ஆகிடுது. பதில் எல்லாம் எடுக்க ஆளில்லாம க்யூவுல குவியுது. லாகுல ஒரு எரர்கூட இல்லை. செவ்வாப்பேட்டைல லாரிக்காரங்க இந்த கன்ஃபர்மேஷனுக்காக நிக்கிறாங்க.

அம்மாபேட்டை:
சேனல் பெர்மிஷன் பாருங்க. 2035 (அனுமதி இல்லைங்கிற எம்க்யூ எரர்) வருதா? 1414 போர்ட் ஃபயர்வால்ல திறந்திருக்கா?

ஏற்காட்டுக்காரர்:
பெர்மிஷன் பிரச்சினைன்னா ரிக்வெஸ்டே போயிருக்காதுங்க. தம்பி, ரெண்டு விஷயம் சொல்லுங்க. இது எப்போதிலிருந்து? பதில் மெசேஜோட ஜேஎம்எஸ் கோரிலேஷன் ஐடி எப்படி இருக்கு? முழுசா வேண்டாம், முதல் எட்டு எழுத்தும் கடைசி ரெண்டும் போதும்.

சூரமங்கலத்தான்:
அண்ணா, டெஸ்டிங்ல நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அப்போ எதிர்ப்பக்கம் நாங்களே எழுதின ஜாவா டம்மி. நிஜ சிஸ்டத்தோட இணைச்சதும், மெசேஜ் தலைப்புல "ஆர்எஃப்ஹெச்"னு என்னமோ குப்பை வருது, எடுங்கன்னு சொன்னாங்க. க்யூ பேருக்குப் பின்னாடி டார்கெட்கிளையன்ட்=1 போட்டோம். அதுக்கப்புறம்தான் இப்படி.

நாங்க அனுப்புறது சாதாரண யூயூஐடி (ஹைபன் போட்டு வர்ற தனித்துவ அடையாளம்). திரும்பி வர்றது "ஐடி:"ன்னு ஆரம்பிச்சு நீளமா 48 ஹெக்ஸ் எழுத்து (0-9, ஏ-எஃப்; ரெண்டு சேர்ந்தா ஒரு பைட்). முதல் எட்டு ஒவ்வொரு தடவையும் மாறுது. கடைசி ரெண்டு மட்டும் எப்பவும் 2டி.

ஏற்காட்டுக்காரர்:
அந்த 2டி போதும். ராத்திரியே எழுத உட்கார்ந்தேன், மலைல மழை, கரண்ட் போயிடுச்சு.

ஆஸ்கியில் (எழுத்துக்கு எண் கொடுக்கிற அட்டவணை) 2டி-ன்னா ஹைபன். அந்த ஹெக்ஸை ரெண்டு ரெண்டா பிரிச்சு எழுத்தா மாத்திப் பாருங்க, உங்க யூயூஐடியேதான் தெரியும், ஆனா கடைசி 12 எழுத்து இருக்காது. யூயூஐடிக்கு 36 எழுத்து. எம்க்யூவோட மெசேஜ் டிஸ்கிரிப்டர்ல (எம்க்யூவோட சொந்த மெசேஜ் தலைப்பு) கோரிலேஷன் ஐடிக்கு இடம் 24 பைட்தான். 8, 4, 4, 4 எழுத்து, கூட நாலு ஹைபன், மொத்தம் 24. கச்சிதமா கடைசி ஹைபன்ல வெட்டுப்படுது.

டெஸ்டிங்ல ஏன் ஓடுச்சு? அவங்க குப்பைன்னு சொன்ன ஆர்எஃப்ஹெச்2 ஹெடர்லதான் ஜேஎம்எஸ் முழு ஐடியையும் வச்சிருக்கும். உங்க டம்மியும் ஜேஎம்எஸ், அதனால அதைப் படிச்சுது. டார்கெட்கிளையன்ட்=1 போட்டா அந்த ஹெடர் போயிடும், மிஞ்சுறது 24 பைட். அவங்க கேட்டது நியாயம்தான், கோபோல் புரோகிராமுக்கு அந்த ஹெடர் வேண்டாதது.

முதல் எட்டு எழுத்தை ஏன் கேட்டேன்னா, 414டி5120ன்னு இருந்தா கதை வேற. அது "ஏஎம்க்யூ"ன்னு ஆரம்பிக்கிற, க்யூ மேனேஜரே உருவாக்கின மெசேஜ் ஐடி. பதில் போடுறவங்க மெசேஜ் ஐடியைக் கோரிலேஷன் ஐடியா காப்பி பண்றாங்கன்னு அர்த்தம். எம்க்யூ உலகத்துல அதுதான் வழக்கம். நல்லவேளை, எதிர்ப்பக்கத்து ஆளுங்க கோரிலேஷன் ஐடியை அப்படியே திருப்புறாங்க.

அப்ளிகேஷனைத் தொடாதீங்க, பாலத்துலயே சரி பண்ணலாம். யூயூஐடில ஹைபனை எடுத்தா 32 ஹெக்ஸ், அதாவது 16 பைட். பின்னாடி 16 பூஜ்யம் சேர்த்து 48 ஆக்கி, முன்னாடி "ஐடி:" போட்டு எம்க்யூவுக்குக் கொடுங்க. "ஐடி:" இருந்தா எம்க்யூ ஜேஎம்எஸ் அதை எழுத்தா எடுக்காது, ஹெக்ஸா எடுத்து 24 பைட்டா வைக்கும். பதில் வரும்போது முதல் 32ஐ எடுத்து ஹைபனைத் திரும்பப் போட்டு ஆர்டெமிஸுக்கு அனுப்புங்க. எதையும் மெமரில வைக்க வேண்டியதில்லை, பாலம் ரீஸ்டார்ட் ஆனாலும் நஷ்டமில்லை. செலக்டர் (க்யூவுல தனக்கான பதிலைத் தேர்ந்தெடுக்கிற வடிகட்டி) எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், அதனால அப்ளிகேஷன் சின்ன எழுத்துல அனுப்பியிருந்தா நீங்களும் சின்ன எழுத்துலயே கட்டுங்க.

சந்தேகமிருந்தா எம்க்யூ கூடவே வர்ற ஏஎம்க்யூஎஸ்பிசிஜி (amqsbcg) சாம்பிளை ஓட்டுங்க, மெசேஜை எடுக்காமலே ஹெடர் முழுசும் காட்டும்.

சூரமங்கலத்தான்:
ஓடுதுண்ணா! பழைய பதில்களைக் காலி பண்ணிட்டேன், ரிக்வெஸ்டுக்கு எக்ஸ்பைரியும் வச்சாச்சு. இன்னொண்ணு: பார்ட்டி பேரு தமிழ்ல இருந்தா அவங்க ஸ்கிரீன்ல கட்டமும் கேள்விக்குறியுமா தெரியுதாம். நாங்க சிசிஎஸ்ஐடி (எந்த எழுத்துக் குறியீடுன்னு சொல்ற எண்) 1208தான் வச்சிருக்கோம்.

ஏற்காட்டுக்காரர்:
1208ன்னா யூடிஎஃப்-8, அது சரிதான். அந்தப் பக்கம் எப்சிடிக் (ஐபிஎம் மெயின்ஃப்ரேமோட எழுத்துக் குறியீடு) 37க்கோ 500க்கோ மாத்திப் படிச்சா அங்க தமிழுக்கு இடமே கிடையாது, ஒரு எழுத்துக்கு ஒரு பைட், மொத்தம் 256. எம்க்யூ செட்டிங்ல இதுக்கு மருந்தில்லை. அந்த ஒரு ஃபீல்டை மட்டும் ஆங்கில எழுத்துல அனுப்பிடுங்க.